இரண்டு பெயர், ஒரே முகவரி

விசா நிராகரிப்புக் கடிதம் நான்கு பக்கம். முதல் இரண்டு பக்கங்கள் முழுக்கச் சட்டப் பிரிவுகள். மூன்றாவது பக்கத்தின் நடுவில்தான் எங்களைப் பற்றிய வரிகள் இருந்தன. 2020 மார்ச் முதல் அக்டோபர் வரை விண்ணப்பதாரரும் ஸ்பான்சரும் வெவ்வேறு முகவரிகளில் வசித்திருக்கிறார்கள், அதற்கு விளக்கம் எதுவும் தரப்படவில்லை, ஆகவே இருவரும் தொடர்ந்து சேர்ந்து வாழ்ந்தவர்கள் என்பதை ஏற்க இயலவில்லை.

விண்ணப்பதாரர் என் துணை, அவரை அழைத்துப் பொறுப்பேற்கும் ஸ்பான்சர் நான். அந்த ஏழு மாதங்கள் எப்படிப் போயின என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அவர் தன் தகப்பனாரைப் பார்க்க இரண்டு வாரத்துக்கு ஊருக்குப் போனார். கையில் ஒரே ஒரு சின்னப் பெட்டி. போன சில நாட்களில் எல்லைகள் மூடப்பட்டன. நாங்கள் குடியிருந்த வீட்டில் அவருடைய குளிர்காலக் கோட்டு கதவுக்குப் பின்னால் அக்டோபர் வரை அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. கொரோனாக் காலத்தில் எல்லைகள் மூடியிருந்தது உலகமே அறிந்த செய்தி. அதைப் போய் ஒரு விசா அதிகாரிக்கு எழுதிச் சொல்ல வேண்டுமா என்று விட்டுவிட்டோம். சொல்லியிருக்க வேண்டும். திருமணம் ஆகாத வெளிநாட்டுத் துணைக்கு விசா கேட்கும்போது நமக்கு எது மிக நன்றாகத் தெரியுமோ, அதைத்தான் எழுதாமல் விடுகிறோம். நான் இதை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

அவருடைய பெயரையும் நாட்டையும் இங்கே எழுதப் போவதில்லை. எந்த நாட்டுக்கு விண்ணப்பித்தோம் என்பதையும் சொல்லவில்லை. விசாவின் இரண்டாம் கட்டம் மீதமிருக்கிறது, கோப்பு இன்னும் மூடப்படவில்லை. இருவரும் வேலைக்காகப் போய்ச் சேர்ந்த ஒரு மூன்றாவது நாட்டில் 2018இல் பழகத் தொடங்கினோம். 2019 பிப்ரவரியிலிருந்து ஒரே வீடு. பிறகு, நான் குடியுரிமை பெற்ற நாட்டுக்கே திரும்பிப் போய் வேலை பார்க்க வேண்டிய சூழ்நிலை வந்தது. அவரையும் அழைத்துப் போக வேண்டும். அதற்குத்தான் இத்தனை காகிதமும்.

"திருமணம் செய்துகொண்டால் ஒரே சான்றிதழில் வேலை முடிந்துவிடுமே" என்று சொல்லாதவர்கள் இல்லை. அவர் ஏற்கெனவே ஒருமுறை மணமுடித்துப் பிரிந்தவர். அந்தப் பிரிவு நீதிமன்றத்தில் மூன்று ஆண்டுகள் இழுத்தது. இனி அந்த வழியில் போக மனமில்லை என்று பழகிய சில வாரங்களிலேயே சொல்லிவிட்டார். எனக்கும் அதில் குறை ஒன்றும் தோன்றவில்லை, இன்றுவரை தோன்றவில்லை. மற்றவர்களுக்கு வேறு காரணங்கள் இருக்கும். விவாகரத்து வழக்கு முடியாதவர்கள், தன்பால் திருமணத்தை ஏற்காத சட்டத்தின் கீழ் வாழ்கிறவர்கள், மதம் மாறினால்தான் மணக்கலாம் என்ற நிபந்தனையை ஏற்க மறுப்பவர்கள் என்று எத்தனையோ பேர். விசாவுக்காக மட்டும் ஒரு கையெழுத்துப் போடுவது எங்கள் இருவருக்குமே பிடிக்கவில்லை. விசாவுக்காகப் போடப்படும் அந்தக் கையெழுத்தைக் கண்டுபிடிக்கத்தானே குடிவரவு அலுவலகங்கள் இத்தனை கேள்விகளை வைத்திருக்கின்றன!

தேடத் தொடங்கியதும் முதலில் இடறியது சொல்தான். படிவத்தில் 'உங்களுக்கும் ஸ்பான்சருக்கும் என்ன உறவு' என்ற கட்டம். தமிழில் நான் அவரை எப்படிச் சொல்வது? கணவர் இல்லை. காதலர் என்றால் ஒரே வீட்டில் ஐந்தாவது ஆண்டாக வாடகை கொடுக்கிறவருக்கு அது போதவில்லை. பார்ட்னர் என்றால் சேர்ந்து தொழில் நடத்துகிறோமோ என்று கேட்கிறார்கள். துணைவர் என்றால் கணவர் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். இணையர் என்ற சொல் எனக்குப் பிடித்திருக்கிறது, புழக்கத்துக்கும் வந்துகொண்டிருக்கிறது, ஆனால் என் அம்மாவிடம் சொன்னால் விளக்க வேண்டும். சுவீடனில் இதற்குச் சொந்தமாக ஒரு சொல்லே இருக்கிறது. சாம்போ என்றால் மணம் செய்யாமல் சேர்ந்து வாழும் இருவர். 2003இல் அவர்களுக்கென்று தனிச் சட்டமே எழுதிவிட்டார்கள். உறவில் இருந்தும் தனித்தனி வீட்டில் வாழ்கிறவர்களுக்குச் சார்போ என்று இன்னொரு சொல். சொல் இருக்கும் இடத்தில் படிவம் நிரப்புவது எளிது என்று நினைத்துக்கொண்டேன். அந்த நாட்டில் சாம்போவாக வாழ்கிறவர்கள் மட்டுமல்ல, இனி அப்படி வாழப்போகிறவர்களும் விண்ணப்பிக்கலாம்.

விதிகள் நாட்டுக்கு நாடு மாறுகின்றன. மாறும் விதத்தைப் பார்த்தால், ஒவ்வொரு நாடும் சேர்ந்து வாழ்வது என்றால் என்ன என்று நினைக்கிறது என்பது தெரிகிறது. கனடாவில் 12 மாதங்கள் இடைவிடாமல் ஒரே வீட்டில் வாழ்ந்திருந்தால் 'பொதுச்சட்டத் துணை', அதாவது மணம் ஆகாமலே துணையாக ஏற்கப்படுகிறவர். ஆஸ்திரேலியாவிலும் பொதுவாக விண்ணப்பத்துக்கு முந்தைய 12 மாத உறவு கேட்கிறார்கள், ஆனால் உறவைப் பதிவு செய்ய வழியுள்ள மாநிலங்களில் பதிவு செய்துகொண்டால் அந்த 12 மாதக் கணக்கு விலக்கப்படுகிறது. நியூசிலாந்தில் வதிவு விசாவுக்கு 12 மாதம் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். பிரிட்டனில் நெடுங்காலமாக 2 ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ் இருந்திருக்க வேண்டும் என்ற விதி இருந்தது. 2024 ஜனவரி 31 முதல் அதை மாற்றிவிட்டார்கள். திருமணத்துக்கு ஒப்பான உறவு 2 ஆண்டுகளாக நீடித்திருப்பதுதான் இப்போதைய அளவுகோல். வேலை, படிப்பு, பண்பாடு ஆகிய காரணங்களால் ஒரே வீட்டில் வாழ முடியாதவர்களும் அதற்குள் வரலாம். அதே ஆண்டு ஏப்ரலில் ஸ்பான்சரின் குறைந்தபட்ச ஆண்டு வருமானம் 18,600 பவுண்டிலிருந்து 29,000 பவுண்டாக உயர்ந்தது. ஒரு கதவைக் கொஞ்சம் திறந்து இன்னொன்றை நன்றாகச் சாத்திய வேலை அது என்பது என் கருத்து.

அமெரிக்காவில் மணமாகாத துணைக்கென்று குடியேற்ற விசாவே இல்லை. இருப்பது கே-1 எனப்படும் மணநிச்சய விசா. நாட்டுக்குள் வந்த 90 நாட்களுக்குள் திருமணம் செய்துகொள்ள வேண்டும். மனுப் போடுவதற்கு முந்தைய 2 ஆண்டுகளுக்குள் இருவரும் நேரில் சந்தித்திருக்கவும் வேண்டும். அங்கே தற்காலிகமாக வேலைக்கோ படிப்புக்கோ போகிறவருடன் சேர்ந்து வாழும் துணைக்குப் பி-2 என்ற பார்வையாளர் விசா கிடைக்க வாய்ப்புண்டு, அதில் வேலை பார்க்க முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2004ஆம் ஆண்டின் 38ஆம் ஆணை, தன் நாட்டை விட்டு வேறொரு உறுப்பு நாட்டில் வாழும் ஒன்றியக் குடிமகனின் துணையைப் பற்றிப் பேசுகிறது. உறவு நீடித்ததாகவும் முறையாகச் சான்று காட்டப்பட்டதாகவும் இருந்தால் அவருடைய வருகையை நாடுகள் 'எளிதாக்க' வேண்டும் என்கிறது. கணவன் மனைவிக்கு அது உரிமை. துணைக்கு வெறும் எளிதாக்கல். மறுத்தால் காரணம் சொல்லியாக வேண்டும் என்பது மட்டும் ஆறுதல்.

இவ்வளவும் சும்மா கிடைத்தவை அல்ல. பிரிட்டனில் மணமாகாத துணைக்கு இன்றைய வழி திறந்தது 1997இல், அதுவும் சட்டப்படி மணம் செய்துகொள்ள முடியாதவர்களுக்கான சலுகையாக. தன்பால் இணையர்கள் பல ஆண்டுகள் போராடிப் பெற்றது அது. நான்கு ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும் என்று அப்போது கேட்டார்கள். பிறகு அது இரண்டாகக் குறைந்து, 2000இல் குடிவரவு விதிகளுக்குள்ளேயே வந்தது. ஆஸ்திரேலியாவில் 2009 வரை தன்பால் துணைக்குத் தனி வகை விசா. அந்த ஆண்டு ஜூலையில்தான் எல்லோருக்கும் ஒரே படிவம் ஆனது. இன்று எங்களைப் போன்ற ஆண் பெண் இணை ஒன்று மணம் செய்யாமல் விண்ணப்பம் போட முடிகிறது என்றால், மணம் செய்ய விரும்பியும் முடியாமல் போனவர்கள் போட்ட பாதை அது. விண்ணப்பக் கட்டணம் கட்டும்போது எனக்கு அவர்கள் நினைவு வந்தது.

சரி, 12 மாதம் சேர்ந்து வாழ்ந்தால் விசா. சேர்ந்து வாழ்வதற்கு எந்த விசா? இந்தச் சுழலில்தான் பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். ஒருவர் மற்றவரின் நாட்டுக்குச் சுற்றுலா விசாவில் போகலாம் என்றால், சுற்றுலா விசா கேட்பது திரும்பிப் போவீர்கள் என்பதற்கான சான்று. அமெரிக்காவின் 1952ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின் 214ஆம் பிரிவு, மாறாக நிரூபிக்கும் வரை பார்வையாளர் ஒவ்வொருவரும் தங்கிவிட வருகிறவர் என்றே எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. துணை விசாவோ, நீங்கள் பிரியவே மாட்டீர்கள் என்பதற்குச் சான்று கேட்கிறது. ஒரே மனிதர் ஒரு படிவத்தில் திரும்பி விடுவேன் என்றும், அடுத்த ஆண்டு இன்னொரு படிவத்தில் கூடவே இருப்பேன் என்றும் எழுத வேண்டியிருக்கிறது. இரண்டுமே அந்தந்த நேரத்தில் உண்மைதான். கனடாவில் இந்தச் சுழலில் சிக்கியவர்களுக்கென்றே ஒரு வகை வைத்திருக்கிறார்கள். குடிவரவுத் தடை போன்ற காரணத்தால் சேர்ந்து வாழவும் முடியவில்லை, மணக்கவும் முடியவில்லை, ஆனால் குறைந்தது ஓராண்டாகத் திருமணத்துக்கு ஒப்பான பற்றுடன் இருக்கிறார்கள் என்றால், வெளிநாட்டில் இருக்கும் அந்தத் துணைக்கு அதில் விண்ணப்பிக்கலாம். நிரூபிப்பது கடினம் என்றாலும், சுழல் இருக்கிறது என்று ஒரு சட்டம் ஒப்புக்கொண்டதே பெரிது.

நாங்கள் வாழ்ந்தது மூன்றாவது நாட்டில் என்பதால் எங்களுக்குச் சேர்ந்து வாழ்வதில் சிக்கல் இல்லை. ஆனால் பழைய சுற்றுலா விசா ஒன்று பின்னால் வந்து கடித்தது. 2019இல் என் குடும்பத்தைப் பார்க்க அவரை இரண்டு வாரம் அழைத்துப் போனேன். அந்தப் படிவத்தில் 'அழைப்பவருடன் உறவு' என்ற இடத்தில் 'நண்பர்' என்று எழுதியிருந்தார். பொய் சொல்ல வேண்டும் என்று அல்ல, துணை என்று எழுதினால் தங்கிவிடுவார் என்று நினைப்பார்களோ என்ற பயம். அந்த ஆண்டு பிப்ரவரியிலிருந்து ஒரே வீட்டில் வாழ்கிறோம் என்று பிறகு நாங்கள் எழுதியபோது, அலுவலகத்தின் கணினியில் அந்த 'நண்பர்' உட்கார்ந்திருந்தார். இதைப் படிக்கிறவர்கள் எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். சுற்றுலா, மாணவர், வேலை என்று எந்த விசாவுக்காக இருந்தாலும், இதுவரை நிரப்பிய ஒவ்வொரு படிவத்தின் நகலையும் தேடி எடுத்து வைத்துக்கொண்டு பிறகு புதியதை நிரப்புங்கள். எங்கேயாவது முரண் இருந்தால், அவர்கள் கேட்கும் முன் நீங்களே எழுதிவிடுங்கள்.

எங்கள் முதல் விண்ணப்பத்தை இப்போது எடுத்துப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. முந்நூறுக்கும் மேற்பட்ட புகைப்படங்கள். கடற்கரை, மலை, விமான நிலையம், பிறந்தநாள். எதிலும் தேதியும் இல்லை, எந்த இடம், உடன் இருப்பவர் யார் என்ற ஒரு வரியும் இல்லை. அவருக்கு நான் எழுதிய வாழ்த்து அட்டைகள். இருவரும் எழுதிய அறிக்கைகளில் ஒருவரையொருவர் எவ்வளவு நேசிக்கிறோம் என்று மூன்று மூன்று பக்கம். அந்த அதிகாரி அதைச் சந்தேகிக்கவே இல்லை. அவர் கேட்டது வேறு. இந்த இருவரும் ஒரு குடும்பமாக இருக்கிறார்களா? வாடகை யார் கொடுக்கிறார்? நோய் வந்தால் யார் பார்க்கிறார்? சுற்றியிருப்பவர்கள் இவர்களை ஒரு வீடாகப் பார்க்கிறார்களா? ஆஸ்திரேலிய விதிகள் இதை நான்காகப் பிரித்து வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கின்றன: பண விஷயங்கள், வீட்டு நடப்பு, சமூகத்தின் கண்ணில் உறவு, ஒருவர்மேல் ஒருவருக்குள்ள பற்று. நான் விண்ணப்பித்த நாடு எதுவானாலும், இரண்டாம் முறை கோப்பை அடுக்கியபோது இந்த நான்கையும் நான்கு பிரிவுகளாக வைத்துக்கொண்டேன். திருமணச் சான்றிதழ் ஒரு தாளில் செய்யும் வேலையை இந்த நான்கும் சேர்ந்துதான் செய்ய வேண்டும்.

சேர்ந்து வாழ்வதன் தடயங்கள் எல்லாம் நாம் குப்பையில் போடும் பொருள்கள் என்பது அப்போதுதான் புரிந்தது. மின்கட்டண ரசீது, இணைய இணைப்புக் கட்டணம், வீட்டுக் காப்பீடு, பல் மருத்துவர் அனுப்பிய நினைவூட்டல் கடிதம். வாடகை ஒப்பந்தத்தில் என் பெயர் மட்டும் இருந்தது, ஏனென்றால் கையெழுத்திடும் அன்று அவர் வேலைக்குப் போயிருந்தார். அந்த ஒரு நாள் சோம்பலுக்கு வீட்டு உரிமையாளரிடம் பின்னர் ஒரு கடிதம் வாங்க நாங்கள் மூன்று முறை நடந்தோம். நல்ல மனிதர், எழுதிக் கொடுத்தார். கூட்டு வங்கிக் கணக்கு எங்களுக்கு இல்லை. விண்ணப்பத்துக்காக அவசரமாக ஒன்று தொடங்கலாமா என்று யோசித்தோம், தொடங்கவில்லை. போன வாரம் தொடங்கிய கணக்கு எதற்காகத் தொடங்கியது என்பது யாருக்கும் தெரியும். அதற்குப் பதில் எங்கள் வழக்கம் எதுவோ அதையே காட்டினோம். வாடகை என் கணக்கிலிருந்து போகும். ஒவ்வொரு மாதமும் 3ஆம் தேதி அவருடைய பாதி எனக்கு வந்து சேரும். நாற்பது மாத வங்கி அறிக்கைகளில் அந்த ஒரு வரியை மட்டும் மஞ்சள் பேனாவால் கோடிட்டேன். அவர் ஊரில் மாட்டிக்கொண்ட அந்த ஏழு மாதமும் 3ஆம் தேதி பணம் வந்திருந்தது. தான் படுக்காத வீட்டுக்கு வாடகை கொடுத்திருந்தார். அதைக் கோடிட்டபோதுதான் நானே அதைக் கவனித்தேன். அன்று அதற்கு மேல் என்னால் வேலை செய்ய முடியவில்லை.

அந்த ஏழு மாதத்துக்கு மட்டும் தனி அட்டவணை போட்டேன். எல்லை மூடிய தேதி, ரத்தான விமான டிக்கெட்டுகள் மூன்று, நுழைவு அனுமதிக்கு நாங்கள் அனுப்பிய மின்னஞ்சல்கள், அவற்றுக்கு வந்த பதில்கள், தொலைபேசி அழைப்புகளின் பதிவு. அந்த ஆண்டு கணவன் மனைவிக்கு விலக்கு தந்த பல நாடுகள் மணமாகாதவர்களை வெளியே நிறுத்தின. அன்பு சுற்றுலா அல்ல என்ற முழக்கத்துடன் உலகம் முழுக்க இணையத்தில் எழுந்த கூட்டத்தில் நானும் இருந்தேன். ஜெர்மனி 2020 ஆகஸ்ட் 10 முதல் நீண்டநாள் உறவில் உள்ளவர்களை, முன்பு நேரில் சந்தித்ததற்குச் சான்று காட்டினால், உள்ளே விட்டது. அந்தச் செய்தியை நடு இரவில் படித்துவிட்டு அவருக்கு அனுப்பியதும், நாங்கள் போக வேண்டிய நாடு அது அல்ல என்று இருவரும் உணர்ந்ததும் எங்கள் கைபேசி உரையாடலிலேயே இருந்தன. அந்தப் பக்கத்தையும் கோப்பில் வைத்தேன்.

உரையாடல்களைப் பற்றி ஒரு வார்த்தை. மொத்தத்தையும் அச்செடுத்து அனுப்பாதீர்கள். யாரும் படிக்க மாட்டார்கள், உங்கள் அந்தரங்கமும் ஓர் அலுவலகத்தின் அலமாரிக்குப் போய்விடும். மாதத்துக்கு ஒரு பக்கம் போதும். பால் தீர்ந்துவிட்டது, சாவியை மறந்துவிட்டேன், எத்தனை மணிக்கு வருவாய் என்று கேட்கிற பக்கங்கள் கவிதைப் பக்கங்களை விட உறுதியானவை.

அவருடைய பழைய விவாகரத்துத் தீர்ப்பும் வேண்டியிருந்தது. முந்தைய திருமண உறவு நிலையாக முறிந்துவிட்டது என்று காட்டாமல் பெரும்பாலான நாடுகளில் இந்தக் கோப்பு நகர்வது கடினம். அந்தத் தீர்ப்புக்கு அபோஸ்டில் முத்திரை வாங்க வேண்டும். 1961இன் ஹேக் ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகள் ஒன்றின் ஆவணத்தை மற்றொன்று ஏற்கச் செய்யும் ஏற்பாடு அது. சேராத நாடு என்றால் தூதரகம் வரை வரிசையாகச் சான்றொப்பம் வாங்க வேண்டும். சீனா 2023 நவம்பரிலும் கனடா 2024 ஜனவரியிலும்தான் உள்ளே வந்தன என்பதால் பழைய வழிகாட்டிகளை நம்பிவிடாதீர்கள். தீர்ப்பின் நகல் தபாலில் வந்த அன்று அவர் அதை மேசையில் வைத்து முழுவதும் படித்தார். பதினொரு பக்கம். படித்து முடித்து, மடித்து, உறையில் போட்டு, "இதுவும் நமக்காக வேலை செய்யட்டும்" என்றார்.

அடுத்தது என் அம்மாவின் கடிதம். குடும்பத்தாரும் நண்பர்களும் எழுதித் தரும் அறிக்கைகள் சமூகத்தின் கண்ணில் உறவு என்ற பிரிவுக்கு வேண்டும். சில நாடுகளில் அந்த நாட்டுக் குடிமக்களோ நிரந்தர வதிவாளர்களோதான் குறிப்பிட்ட படிவத்தில் எழுத வேண்டும், அம்மா அப்பா எழுதுவது கூடுதல் சான்றாகப் போகும். அம்மா தமிழில்தான் எழுதுவார். இரண்டு நாள் எழுதாமலே இருந்தார். "மருமகன் என்று எழுதட்டுமா? அது பொய்யாகிவிடுமா?" என்று கேட்டார். உங்கள் வாயில் எப்படி வருமோ அப்படியே எழுதுங்கள் அம்மா என்றேன். எழுதினார். கோடு போட்ட தாளில் ஒன்றரைப் பக்கம். "2021 ஜூலையில் என் மகளுக்குக் கடும் காய்ச்சல். அவள் என்னிடம் சொல்லவில்லை. தம்பிதான் சொன்னார். மூன்று நாள் தினமும் காலையும் மாலையும் எனக்கு ஃபோன் செய்து எத்தனை டிகிரி என்று சொன்னார். அவர் தமிழ் பேச மாட்டார், நான் அவர் மொழி பேச மாட்டேன். எண்களைச் சொல்லத் தமிழில் கற்றுக்கொண்டு சொன்னார்."

சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்தோம். இரண்டாம் நாள் அவரிடமிருந்து அழைப்பு. "இவர் உங்கள் அம்மாவின் தம்பியா?" என்று கேட்டார். எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு நெஞ்சு அடைத்தது. தம்பி என்பதை உடன்பிறந்த இளையவர் என்று மொழிபெயர்த்து அனுப்பியிருந்தால், என் துணை எனக்குத் தாய்மாமன் ஆகியிருப்பார், துணை விசாக் கோப்புக்குள்! வயதில் இளைய ஆணை அன்போடு விளிக்கும் சொல் அது, இங்கே இரத்த உறவைக் குறிக்கவில்லை என்று மொழிபெயர்ப்பாளர் அடிக்குறிப்பு எழுதிச் சேர்த்தார். கேட்டுத் தெரிந்துகொண்ட அந்த மனிதருக்கு நான் என்றும் நன்றியுள்ளவள். தமிழில் எழுதிய எந்தக் கடிதத்தையும் மொழிபெயர்க்கக் கொடுக்கும்போது அக்கா, அண்ணன், மாமா, தம்பி ஆகிய சொற்களுக்கு நீங்களே பக்கத்தில் விளக்கம் எழுதிக் கொடுங்கள். கணினி மொழிபெயர்ப்பை நம்பி அனுப்பவே அனுப்பாதீர்கள்.

நண்பர்களின் கடிதங்களிலும் இதே வேறுபாட்டைப் பார்த்தேன். 'இவர்கள் அருமையான இணை' என்று எழுதியவை வீண். 'நான் வீடு மாறியபோது இருவரும் வந்து என் அலமாரியைத் தூக்கினார்கள், அவர் முதுகு பிடித்துக்கொண்டது, மறுவாரம் அவள்தான் அவரை மருத்துவரிடம் அழைத்துப் போனாள்' என்று தேதியோடு ஒரு தோழி எழுதியிருந்தாள். அதற்குப் பொருத்தமாக எங்களிடம் மருத்துவமனை ரசீதும் இருந்தது.

எங்கள் இருவரின் அறிக்கைகளையும் இந்த முறை தனித்தனியாக, ஒருவர் மற்றவரிடம் காட்டாமல் எழுதினோம். எழுதி முடித்த பிறகுதான் மாற்றிக்கொண்டு படித்தோம். என்னுடையது தேதிகளால் நிறைந்திருந்தது: சந்தித்தது, குடிவந்தது, அவர் வேலை மாறியது, என் சம்பளம் குறைந்த ஆறு மாதங்கள் அவர் கூடுதலாகக் கொடுத்தது. 2019 படிவத்தின் 'நண்பர்' பற்றி அவர் ஒரு முழுப் பத்தி எழுதியிருந்தார், பயந்ததையும் மறைக்காமல். அவருடையதில் வீட்டு வேலை என்ற பகுதியில் ஒரு வரி: "சனிக்கிழமை துணி துவைப்பது நான், மடித்து வைப்பது இவர். என் சட்டைகளை இவர் மடிக்கும் விதம் எனக்குப் பிடிக்காது, ஆனால் நான் திருப்பி மடிப்பதில்லை." நாலு வருடத்தில் அவர் இதை என்னிடம் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. ஓர் அரசாங்க அதிகாரிக்குச் சொல்லியிருந்தார். படித்துவிட்டு அழுதேன். அதை நீக்கட்டுமா என்று கேட்டார். ஓர் எழுத்தைக்கூடத் தொடக் கூடாது என்றேன்.

காவல்துறைச் சான்றிதழ், மருத்துவப் பரிசோதனை, கைரேகைப் பதிவு ஆகியவை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சொன்னதைச் சொன்ன தேதியில் செய்ய வேண்டியதுதான். காவல்துறைச் சான்றிதழ் மட்டும் நீங்கள் நீண்ட காலம் வாழ்ந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் கேட்கப்படும், சில நாடுகளிலிருந்து வர மாதக்கணக்கில் ஆகும், ஆனால் வந்தவை காலாவதியும் ஆகும். அதனால் எதை முதலில் கேட்பது என்று கணக்குப் போட்டுக் கேளுங்கள். பணமும் சின்னதல்ல. ஆஸ்திரேலியாவில் விண்ணப்பக் கட்டணம் மட்டுமே 9,000 டாலருக்கு மேல், நிராகரித்தால் பொதுவாகத் திரும்பாது. இரண்டு பேர் சேர்ந்து வாழ விரும்புவதற்கு இவ்வளவு விலை வைப்பது அநியாயம் என்று நான் நினைக்கிறேன், அதைச் சொல்லத் தயங்கவும் இல்லை.

இரண்டாம் விண்ணப்பம் போட்டுப் பத்து மாதம் ஆனது. நடுவில் ஒரு முறை அவருக்குத் தொலைபேசி வந்தது. இருபது நிமிடம். வாடகையை எப்படிப் பிரிக்கிறீர்கள், இவருடைய உடன்பிறந்தவர்கள் எத்தனை பேர், கடைசியாக எதற்காகச் சண்டை போட்டீர்கள் என்று கேட்டார்கள். கடைசிக் கேள்விக்கு என்ன சொன்னாய் என்றேன். சன்னலைத் திறந்து வைத்துத் தூங்குவது பற்றி என்றார். அது உண்மை. முந்தின இரவு நடந்தது.

விசா வந்தது மின்னஞ்சலில், ஒரு பக்கக் கடிதமாக. அந்த வார இறுதியில் வீட்டைக் காலி செய்தோம். பல நாடுகளைப் போலவே முதலில் தருவது தற்காலிக அனுமதிதான், சில ஆண்டுகள் கழித்து, இன்னும் சேர்ந்துதான் வாழ்கிறீர்களா என்று மறுபடி கேட்பார்கள். பெட்டிகள் கட்டும்போது அவர் சமையலறை இழுப்பறையிலிருந்து ஒரு கத்தைக் காகிதத்தை எடுத்து, இவற்றை இப்போது எறிந்துவிடலாமா என்று கேட்டார். தண்ணீர்க் கட்டணம், கடைசி மாதத்தது. மேலே என் பெயர், அதற்குக் கீழே அவர் பெயர், அதற்கும் கீழே நாங்கள் விட்டுப் போகும் அந்த முகவரி. தேதியைப் பார்த்துவிட்டு அதை வாங்கி என் கைப்பைக்குள் வைத்தேன்.